ஒருத்தனும் முந்தாத வண்டி

என் சகலை ஓட்டிவந்த கார் வாசலில் நின்றது எனக்குத் தெரியவில்லை. தியாகதுருகத்தில் மாமனார் வீட்டுப் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். குலதெய்வத்துக்குக் கிடா வெட்டிய நாள். குழம்பு ஊற்ற வந்த மாமியார் கரண்டியோடு நிமிர்ந்து வெளியே பார்த்தார். பந்தியில் இருந்தவர்கள் ஒவ்வொருவராக எச்சில் கையோடு எழுந்து போனார்கள். கடைசியில் நான் மட்டும் இருந்தேன். என் இலையில் கறி விழுந்திருந்தது, குழம்பு வரவில்லை.

என் ஜீப் அந்தத் தெருமுனையில் திரும்பும்போதே சத்தம் வீட்டுக்குள் கேட்டுவிடும். "பெரிய மாப்ள வந்துட்டாரு, தண்ணி எடுத்து வை" என்று மாமியார் சொல்வார். அந்தச் சத்தத்தை எனக்கான மரியாதை என்றே இத்தனை வருடமும் எண்ணியிருந்தேன். சின்ன மாப்பிள்ளை சத்தமே இல்லாமல் வந்து மொத்தப் பந்தியையும் எழுப்பிவிட்டான்.

என் மனைவியின் தங்கையைக் கட்டியவன் அவன். என்னைவிடச் சின்னவன். பத்தாவது வரை படித்தவன். நான் ஐந்தாவதோடு நிறுத்தியவன். அது எனக்குப் பெரிய குறையாகத் தெரிந்ததில்லை. அவனுக்குப் பேச வரும், எனக்கு வராது என்பதுதான் குறை. அவன் ஒரு வீட்டுக்குள் நுழைந்தால் அரை மணி நேரத்தில் அந்த வீட்டுப் பசு எப்போது கன்று போட்டது என்பது வரை கேட்டுத் தெரிந்துகொள்வான். நான் அதே வீட்டுக்குப் பத்து வருடம் போய்வந்தாலும் "நல்லா இருக்கீங்களா" என்பதற்கு அடுத்த வார்த்தையைத் தேடிக்கொண்டிருப்பேன். மாமனார் அவனிடம் நிலத்தைப் பற்றிப் பேசுவார், வழக்கைப் பற்றிப் பேசுவார். என்னிடம் "சாப்டியா மாப்ள" என்பார்.

நானும் கை கழுவிக்கொண்டு வெளியே போனேன். கருநீல நிறத்தில் நீளமான கார். கள்ளக்குறிச்சியில் பெரிய டயர் கடை வைத்திருக்கும் பாயுடையது. என் சகலை அவரிடம்தான் டிரைவர். முழுக்கக் கரண்டில் ஓடும் வண்டி. கதவில் பிடியே இல்லை. மாமனார் தடவிப் பார்க்கப் போனதும் பிடி தானாக வெளியே வந்தது. வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டு வாய்விட்டுச் சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

"மாமா, இதுக்கு கியர் கெடயாது, கிளச் கெடயாது. கால வச்சா பறக்கும். கால எடுத்தா அதுவே நிக்கும்" என்றான் சகலை.

"அப்ப நீ இன்னாத்துக்குடா?" என்று மாமியார் கேட்டார். எல்லாரும் சிரித்தார்கள். அவனும் சேர்ந்து சிரித்தான். அதுவும் எனக்கு வராத ஒன்று.

பிறகு என் பக்கம் திரும்பினான். "அண்ணே, இந்த வருசம் ரேசுக்கு இதான் சேப்டி வண்டி. பாய் சொன்னாரில்ல?"

பாய் சொல்லவில்லை. ஆனால் இருபது பேர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "ம்" என்றேன்.

"சேப்டி வண்டின்னா?" என்று மாமனார் கேட்டார். அவன் வாயைத் திறப்பதற்குள் மாமியார், "சோறு ஆறிப்போவுது, எல்லாரும் உள்ள வாங்க" என்று அதட்டினார். அன்றைக்கு அந்த அதட்டல் என்னைக் காப்பாற்றியது. எதிலிருந்து என்பதைச் சொல்ல வேண்டும்.

வடக்கனந்தலுக்கு வெளியே, மலையைப் பார்த்த பக்கம், ஒரு பெரிய கரும்புத் தோட்டம் இருக்கிறது. கரும்பு வெட்டி முடிந்து நிலம் சும்மா கிடக்கும் நாட்களில் டயர் கடை பாய் அங்கே கார் பந்தயம் நடத்துவார். டிராக்டரை விட்டு நிலத்தைச் சமப்படுத்தி, ரோலர் உருட்டி, தண்ணீர் லாரியால் நனைத்து, முட்டை வடிவத்தில் பாதை போடுவார்கள். வளைவுகளில் அவர் கடையின் பழைய டயர்களே சுவர். சேலம், ஆத்தூர், சின்னசேலம் பக்கத்துப் பையன்கள் பழைய கார்களை வாங்கி, சீட்டையெல்லாம் பிடுங்கி எறிந்துவிட்டு, உள்ளே இரும்புக் குழாய் வைத்துக் கூண்டு அடித்துக்கொண்டு வருவார்கள். ஏழெட்டு வண்டிகள் ஒன்றாகப் புறப்படும்.

நடுவில் ஏதாவது ஒரு வண்டி கவிழும், அல்லது மோதி நிற்கும். அப்போது மஞ்சள் கொடி காட்டுவார்கள். உடனே மண்டையில் ஆரஞ்சு விளக்கு சுழல ஒரு வண்டி பாதைக்குள் வந்து எல்லாருக்கும் முன்னால் ஓட வேண்டும். மற்றவர்கள் அதன் பின்னால் வரிசையாக வர வேண்டும். யாரும் அதை முந்தக் கூடாது. விழுந்த வண்டியை அப்புறப்படுத்தியதும் முன்னால் ஓடும் வண்டி ஒதுங்கிவிடும், பந்தயம் மறுபடி தொடங்கும். அந்த முன்வண்டிக்குத்தான் சேப்டி வண்டி என்று பெயர். மூன்று வருடம் அது என் ஜீப்பாக இருந்தது.

நான் பிழைப்புக்கு ஓட்டுவது மலைக்கு. அடிவாரத்திலிருந்து கல்வராயன் மலை ஊர்களுக்கு ஆளும் சாமானும் ஏற்றிப் போவேன்; கீழே வரும்போது கடுக்காயும் புளியும் பலாவும் மரவள்ளியும் வரும். பந்தயத்தன்று காலையில் மலைக்காரர்கள் என் ஜீப்பிலேயே இறங்கி வருவார்கள். அவர்களை இறக்கிவிட்டுத்தான் விளக்கை மாட்டுவேன். முதல் வருடம் ஒரு கார் கவிழ்ந்ததும் நான் உள்ளே போய் முன்னால் ஓடினேன். பின்னால் ஆறு கார் வரிசையாக வந்தது. அப்போது மேட்டில் உட்கார்ந்திருந்த மலைக்காரர்களிடமிருந்து ஒரு கூச்சல் எழுந்தது.

"ஒருத்தனும் முந்த முடியலடா நம்ம ஜீப்ப!"

அவர்கள் பார்த்தது அதுதானே? சத்தம் போட்டுச் சீறிக்கொண்டிருந்த ஆறு வண்டிகள், தினமும் தாங்கள் ஏறி இறங்கும் ஜீப்பை முந்த முடியாமல் பின்னாலேயே வந்தன. பந்தயம் முடிந்ததும் மேட்டிலிருந்து இறங்கி வந்தார்கள். பலா விற்கும் ஒருவர் உண்டு, எப்போதும் என் பக்கத்து சீட்டில்தான் உட்காருவார், பெரிய குரல். அவர் கடைக்கு ஆளனுப்பி ஒரு துண்டு வாங்கிவரச் சொல்லி என் தோளில் போர்த்தினார். சிவப்புக் கரை போட்ட வெள்ளைத் துண்டு.

"நான் போட்டியில இல்லீங்க" என்றேன்.

"பாரு, ஜெயிச்சும் இந்த மனுசன் இன்னா அடக்கமா பேசறான்" என்றார் அவர்.

கப்பு வாங்கிய ஆத்தூர்ப் பையன் பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தான். அவனை மலைக்காரர்கள் யாரும் கண்டுகொள்ளவில்லை. எனக்கு விளக்கிச் சொல்லத் தெரியவில்லை. சொல்ல ஆரம்பித்தால் எல்லாரும் என்னையே பார்ப்பார்களே என்று துண்டோடு ஜீப்பில் ஏறிவிட்டேன். அடுத்த வருடமும் துண்டு வந்தது. அதற்கும் அடுத்த வருடம் அந்தப் பலாக்காரர் துண்டைக் கொண்டுவந்து, "எங்க ஊரு திருவிழா ஓட்டத்துல ஒரு மொற இருக்கு. போன தடவ துண்டு வாங்குனவன்தான் இந்தத் தடவ ஜெயிச்சவனுக்குப் போத்தணும். ரெண்டும் நீயா இருக்கறதால எனக்கு வேல" என்று சொல்லிப் போர்த்தினார்.

என் மனைவிக்கு விஷயம் தெரியும். "யாரும் முந்தலன்னா நீங்கதான ஜெயிச்சது? இதுல இன்னா தப்பு?" என்று துண்டை மடித்துப் பெட்டியில் வைத்தாள். ஆனால் சேதி எப்படியோ தியாகதுருகம் போய்விட்டது. மாமனார் டீக்கடையில், "எங்க பெரிய மாப்ள கார் ரேசுல வருசா வருசம் ஜெயிக்கறவரு. ஆளு பேச மாட்டாரு, வண்டியில ஏறுனா வேற ஆளு" என்று சொல்வதை என் காதாலேயே கேட்டேன். நான் உள்ளே போகாமல் திரும்பி வந்துவிட்டேன். சகலையைவிட நான் ஒரு படி மேலே இருந்த இடம் உலகத்தில் அந்த டீக்கடை ஒன்றுதான்.

இப்போது அந்த இடத்துக்கும் அவன் வருகிறான். வருவதோடு நிற்காமல், சேப்டி வண்டி என்றால் என்ன என்று விலாவாரியாகச் சொல்லியும்விடுவான். அவனால் ஒரு விஷயத்தைத் தெரிந்துகொண்டு சும்மா இருக்க முடியாது.

இரண்டு நாள் கழித்து கள்ளக்குறிச்சிக்குப் போய் பாய் கடையில் நின்றேன். அவராகவே பேச்சை எடுத்தார்.

"கோச்சிக்காத. உன்கிட்ட நேர்ல சொல்லணும்னுதான் இருந்தேன், உன் சகலை முந்திக்கினான். ஓட்டற பசங்க ரெண்டு வருசமா சொல்லிக்கினே இருக்காங்க. உன் ஜீப்பு பின்னால ரெண்டாவது கியர்ல உருட்டிக்கினு வந்தா ரேடியேட்டர் கொதிக்குதாம். டயர் சூடு ஆறிப்போவுதாம். பொக வேற மூஞ்சியிலயே அடிக்குதுன்றாங்க. சேப்டி வண்டின்னா வேகமாவும் போவணும், கட்டுப்பாடாவும் போவணும். அதுக்கு இந்த மாதிரி வண்டிதான் சரி."

நான் தலையை ஆட்டினேன்.

"உன்ன அவங்க இன்னான்னு கூப்புடறாங்க தெரியுமா?" என்று சிரித்தார். "ஆமை மாமா."

எனக்கு அது தெரியாது. மேட்டில் ஒரு கூட்டம் ஒருத்தனும் முந்தவில்லை என்று கத்திக்கொண்டிருந்தபோது, கண்ணாடிக்குப் பின்னால் ஆறு பேர் ஆமை என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

"நீயும் அங்கதான் இருக்கணும். கயிறு உன் பொறுப்பு" என்றார் பாய். சேப்டி வண்டி காத்திருக்கும் சந்துக்குக் குறுக்கே ஒரு கயிறு கட்டியிருப்பார்கள். வண்டி உள்ளே போகும்போதும் திரும்பி வரும்போதும் அதை இறக்க வேண்டும். "சரிங்க பாய்" என்று சொல்லிவிட்டு வந்தேன். சண்டை போடத் தெரிந்தவர்களுக்கு வயிற்றெரிச்சல் சீக்கிரம் ஆறிவிடும் என்று நினைக்கிறேன். எனக்கு அது உள்ளேயே வெந்துகொண்டிருக்கும்.

பந்தயத்துக்கு முந்தின நாள் சகலை காரைக் கொண்டுவந்து பாதையில் ஓட்டிப் பார்த்தான். அடியில் கல் தட்டிவிடக் கூடாது என்று பாய் ஆள் வைத்துப் பாதை முழுக்கப் பொறுக்கச் சொல்லியிருந்தார். என் ஜீப்புக்கு யாரும் கல் பொறுக்கியதில்லை. என் மனைவியும் பார்க்க வந்திருந்தாள்.

"அக்கா, ஏறுங்க ஒரு ரவுண்டு" என்று அவளைக் கூப்பிட்டான். அவள் என்னைப் பார்த்தாள். போ என்று கையைக் காட்டினேன். முன் சீட்டில் உட்கார்ந்து போய்விட்டு வந்தாள். இறங்கும்போது அவள் முகம் நிறையச் சிரிப்பு. என்னைப் பார்த்ததும் சிரிப்பை அடக்கிக்கொண்டாள். அடக்கியதுதான் எனக்கு அதிகமாக வலித்தது.

"அண்ணே, நீங்களும் வாங்க."

"எனக்கு வேணாம்."

"அட வாங்கண்ணே. நீங்க ஓட்டுன பாதை. எங்க எப்டி திரும்பணும்னு சொல்லுங்க."

ஏறினேன். சீட்டு என்னைப் பிடித்துக்கொண்டதுபோல இருந்தது. முன்னால் ஒரு பெரிய டிவி. அவன் காலை வைத்தான். என் தலை பின்னால் போய் சீட்டில் ஒட்டிக்கொண்டது. வயிறு எங்கேயோ கீழே தங்கிவிட்டது. தோட்டத்துக் கிணற்று மோட்டார் கொட்டகை தூரத்து வளைவில் இருந்தது, அடுத்த மூச்சில் பக்கத்தில் வந்துவிட்டது. அவன் காலை எடுத்தான். பிரேக்கைத் தொடவே இல்லை. வண்டி தானாக அடங்கி, வளைவில் நூல் பிடித்ததுபோலத் திரும்பியது. டீசல் வாசம் இல்லை, உதறல் இல்லை. டயருக்கு அடியில் மண் நெரியும் சத்தம் மட்டும் கேட்டது.

நல்ல வண்டி. அதை ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும். அது மோசமான வண்டியாக இருந்திருந்தால் என் வயிற்றெரிச்சலுக்கு ஒரு நியாயம் கிடைத்திருக்கும். இறங்கியதும் என் ஜீப்பைப் பார்த்தேன். வேலி ஓரத்தில் எண்ணெய் ஒழுக நின்றிருந்தது. அதன்மேல் எனக்குக் கோபம் வந்தது. அது என்ன செய்யும், பாவம்.

"எப்டிண்ணே?" என்றான்.

"ஓடுது" என்றேன்.

பந்தயத்தன்று காலையில் மலைக்காரர்களை ஏற்றிக்கொண்டு இறங்கினேன். பலாக்காரர் பக்கத்தில் உட்கார்ந்து மடியில் இருந்த பையைத் தட்டிக் காட்டினார். "துண்டு வாங்கியாச்சு. இந்தத் தடவ கொஞ்சம் கெட்டித் துணி."

ஒவ்வொரு வளைவிலும் சொல்லிவிடலாம் என்று நினைத்து, ஒவ்வொரு வளைவையும் தாண்டினேன். கடைசி வளைவில்தான் வாய் வந்தது.

"இந்தத் தடவ வேற வண்டி ஓடுது."

"வேற வண்டியா? புதுசு எடுத்துட்டியா? சொல்லவே இல்ல!"

"என்னுது இல்ல. பாய் வண்டி. என் சகலை ஓட்றான்."

"அப்ப நீ?"

"நான் கயிறு புடிக்கறேன்."

அவர் மடியில் இருந்த பையைப் பார்த்தார். பின்னால் இருந்தவர்கள் என்ன சேதி என்று கேட்டார்கள். ஒருவர் அடுத்தவருக்குச் சொல்லிக்கொண்டே போனார்கள். "கயிறு புடிக்கறாராம்." "யாரு?" "நம்ம ஜீப்புக்காரரு." "இன்னாத்துக்குக் கயிறு?" ஜீப்பின் கடைசி வரை அந்தக் கயிறு போய்ச் சேர்ந்ததைக் கேட்டுக்கொண்டே ஓட்டினேன்.

தோட்டத்துக்குப் போனால் அங்கே மாமனார் நின்றுகொண்டிருந்தார். வெள்ளை வேட்டி, சலவைச் சட்டை. சகலை அவரைத் தியாகதுருகத்திலிருந்து அந்தக் காரிலேயே கூட்டி வந்திருந்தான். இத்தனை வருடத்தில் அவர் பந்தயம் பார்க்க வந்தது அதுதான் முதல் தடவை. நான் முன்னால் ஓடிய மூன்று வருடமும் வராதவர், கயிறு பிடிக்கும் வருடத்தில் வந்து நிற்கிறார்.

"இன்னா மாப்ள, இந்த வருசம் தம்பிக்கு வுட்டுக் குடுத்துட்டியாமே" என்றார்.

வழியில் சகலை எதையெல்லாம் சொன்னான் என்று தெரியவில்லை. விட்டுக்கொடுத்தேன் என்று மட்டும் சொன்னானா, எல்லாவற்றையும் சொல்லிவிட்டானா? அவர் முகத்திலிருந்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை. "ஆமா மாமா" என்றேன். அவருக்குத் தண்ணீர் லாரி நிழலில் ஒரு நாற்காலி போட்டுவிட்டுக் கயிற்றடிக்குப் போனேன். சகலை சந்துக்குள் காரை நிறுத்தியிருந்தான். கூரையில் விளக்கு. அது என் ஜீப்பில் இருந்த அதே விளக்குதான். பாய் கழற்றி வாங்கிப்போயிருந்தார். அவன் கண்ணாடியை இறக்கி, "அண்ணே, உள்ள ஏசி நல்லா இருக்கு, வந்து உக்காருங்க, கொடி காட்டுனா எறங்கிக்கலாம்" என்றான். வெயிலிலேயே நின்றேன்.

பந்தயம் தொடங்கிக் கொஞ்ச நேரம் எதுவும் நடக்கவில்லை. எதுவும் நடக்காமலேயே முடிந்துவிட வேண்டும் என்று நினைத்தேன். ஒருவனும் கவிழாவிட்டால் சேப்டி வண்டி உள்ளே போக வேண்டியதில்லை. துண்டு பையிலேயே கிடக்கும். பந்தயம் ஓட்டும் பையன்கள் பத்திரமாக இருக்க வேண்டும் என்று நான் அவ்வளவு மனதார ஆசைப்பட்டது அன்றைக்குத்தான்.

சிவப்புக் கார் ஒன்று மோட்டார் கொட்டகை வளைவில் டயர் சுவரில் ஏறி, ஒரு பக்கமாகச் சாய்ந்து, மெதுவாக உருண்டு கூரைமேல் நின்றது. பையன் தானாகவே வெளியே தவழ்ந்து வந்து கையை ஆட்டினான். மஞ்சள் கொடி ஏறியது.

கயிற்றைப் பிடித்திருந்த கை ஒரு கணம் யோசித்தது. பிறகு இறக்கிவிட்டது. என் காலடியில் மண் மட்டும் அசைந்தது, கார் போய்விட்டது. வரிசையின் முன்னால் போய்ச் சேர என் ஜீப்புக்கு அரைச் சுற்று ஆகும். அவன் கொட்டகையைத் தாண்டுவதற்குள் முன்னால் இருந்தான். ஆறு கார்களும் பின்னால் ஒட்டிக்கொண்டன. ஒன்றும் கொதிக்கவில்லை, ஒருவனும் ஹாரன் அடிக்கவில்லை. என்னைத் தாண்டும்போது இரண்டாவது காரில் இருந்தவன் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினான். எனக்கு இல்லை, முன்னால் போகிறவனுக்கு.

மேட்டில் முதல் சுற்று அமைதியாக இருந்தது. யார் பக்கம் சேருவது என்று அவர்கள் யோசித்திருக்க வேண்டும். இரண்டாவது சுற்றில் பலாக்காரரின் குரல் கேட்டது.

"அட, இதையும் ஒருத்தனும் முந்த முடியலடா!"

பிறகு மேடு முழுக்கக் கூச்சல். லாரி நிழலில் மாமனார் நாற்காலியை விட்டு எழுந்து நின்று தன் தோள்துண்டைச் சுழற்றினார். என் ஜீப்பில் ஏறி வந்தவர்கள், என் மாமனார், என் விளக்கு. நான் கயிற்றை மறுபடி ஏற்றிக் கட்டினேன்.

விளக்கு அணைந்தது. அவன் திரும்பி வருகிறான் என்று அர்த்தம். கயிற்றை இறக்கினேன். கார் சந்துக்குள் வந்து என் முட்டிக்குப் பக்கத்தில் அடங்கி நின்றது. வேர்க்காமல், சட்டை கசங்காமல் இறங்கினான். "கை நடுங்குதுண்ணே" என்றான். அது பொய்யில்லை. கை நடுங்கியது. முதல் வருடம் எனக்கும் நடுங்கியது. அதை அவனிடம் சொல்லியிருக்கலாம்.

பந்தயம் முடிந்தது. சேலத்துப் பையன் ஒருவன் கப்பு வாங்கினான். மலைக்காரர்கள் மேட்டிலிருந்து நேராகச் சந்துக்கு வந்தார்கள். அவர்கள் பின்னாலேயே வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு மாமனாரும் வந்தார். பலாக்காரர் பையிலிருந்து துண்டை எடுத்து உதறினார். நேராக என்னிடம் நீட்டினார்.

"போன தடவ வாங்குனவன் நீதான? மொறப்படி நீதான் போத்தணும்."

நான் துண்டை வாங்கினேன். கெட்டித் துணிதான். சகலைக்கு ஒன்றும் புரியவில்லை. "இன்னாது இது?" என்று எல்லாரையும் பார்த்துச் சிரித்தான்.

"ஜெயிச்சதுக்குத் துண்டு. உன் சகலை மூணு வருசம் வாங்கியிருக்காரு, இப்ப உனக்கு" என்றார் பலாக்காரர்.

"ஜெயிச்சதுக்கா?" அவன் உரக்கச் சிரித்தான். "அய்ய, பெரியவரே, இது ஜெயிக்கற வண்டி இல்ல. ரேசுலயே இல்ல. இது வந்து—"

அங்கே என்னைப் பார்த்தான். என் முகம் எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியாது. நான் அவனைப் பார்க்கவில்லை, மாமனாரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் புருவத்தைச் சுருக்கிக்கொண்டு அவன் சொல்வதைக் காதில் வாங்க ஒரு அடி முன்னால் வந்தார்.

"இது வந்து, இன்னா?" என்றார்.

பாதி வாக்கியத்தில் அவன் நின்று நான் அதற்குமுன் பார்த்ததில்லை. துண்டைப் பார்த்தான், மாமனாரைப் பார்த்தான், மறுபடி என்னைப் பார்த்தான்.

"இது வந்து... கரண்டு வண்டி மாமா. இதுல ஜெயிக்கறது ஒரு பெருமையான்னு கேட்டேன். அண்ணன் ஜெயிச்சது டீசல் வண்டியில இல்ல?"

சொல்லிவிட்டுக் குனிந்து கழுத்தை என் முன்னால் நீட்டினான்.

மலைக்காரர்கள் ஆமாம் ஆமாம் என்றார்கள். மாமனாரின் புருவம் விரிந்தது. "அதச் சொல்லு" என்று என் முதுகில் தட்டினார். அவர் என் முதுகில் தட்டியது அதுதான் முதல் தடவை. தட்ட வைத்தவன் என் முன்னால் குனிந்திருந்தான்.

துண்டைப் போர்த்தினேன். கொஞ்சம் இறுக்கிவிட்டேன் போலிருக்கிறது. "அண்ணே, மெதுவா" என்றான், எனக்கு மட்டும் கேட்கும்படி. "ஒரே வூட்டுல ரெண்டு மாப்ளையும் ரேசுல ஜெயிச்சவங்க" என்று மாமனார் யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார். கப்பு வாங்கிய சேலத்துப் பையன் வந்து அந்தக் காரோடு ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டான்.

சகலைக்கு நன்றி சொல்ல வேண்டிய இடம் அது. எனக்கு வந்தது நன்றி இல்லை. அவன் இடத்தில் நான் இருந்திருந்தால் எனக்கு அந்த வார்த்தை வாயில் வந்திருக்காது என்ற நினைப்புதான் வந்தது. வண்டியில் அவன் என்னை மிஞ்சியதைப் பொறுத்துக்கொள்ளலாம், அது பாய் வாங்கிய வண்டி. இது அவனுடையது.

திரும்பும்போது என் ஜீப் முன்னால் போனது. மலைக்காரர்கள் பின்னால் நெருக்கி உட்கார்ந்திருந்தார்கள். தோட்டத்துப் பாதை ஒரு வண்டி அகலம்தான், அதனால் சகலையின் கார் என் பின்னால் வந்தது. மாமனார் அதன் முன் சீட்டில் இருந்தார். தார் ரோடு ஏறியதும் நான் ஓரத்தில் ஒதுங்கி, கையை வெளியே நீட்டிப் போகச் சொன்னேன். எதிரே வண்டி ஒன்றும் இல்லை. அந்தக் கார் நினைத்தால் ஒரு மூச்சில் என்னைத் தாண்டிவிடும்.

தாண்டவில்லை. மறுபடி கையைக் காட்டினேன். கண்ணாடியில் பார்த்தால் அவன் தோளில் துண்டோடு, ஸ்டியரிங்கில் இரண்டு கையையும் வைத்து, மரியாதையாகப் பின்னாலேயே வந்துகொண்டிருந்தான். மாமனார் ஏதோ பேசிக்கொண்டு வந்தார். நான் வேகத்தைக் குறைத்தேன். அவனும் குறைத்தான். அவன் காலை எடுத்தால் போதுமே, அந்த வண்டி தானாக அடங்கிவிடும்.

பலாக்காரர் வெளியே தலையை நீட்டிப் பின்னால் பார்த்தார்.

"டேய், பாருங்கடா! ஜெயிச்ச வண்டியாலயே நம்ம ஜீப்ப முந்த முடியல!"

ஜீப் முழுக்கச் சிரிப்பும் கூச்சலும். ரோட்டோரம் நின்றவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். நான் மலைக்குத் திரும்ப வேண்டிய கூட்டுரோடு வரை அவன் அப்படியே வந்தான். அங்கே நான் திரும்பியதும் ஒரு தடவை மெல்ல ஹாரன் அடித்துவிட்டு நேராகப் போனான். அவ்வளவு நேரமும் என் பின்னால் இருந்த கார் சத்தமே இல்லாமல் போய்விட்டது.

"இன்னா ஜீப்புக்காரரே, சந்தோசமே இல்லாம ஓட்டற?" என்றார் பலாக்காரர்.

கியரை மாற்றினேன். மேடு தொடங்கிவிட்டது. புகையைக் கக்கிக்கொண்டு ஜீப் ஏறியது.